பெல்ஜியத்தில் செய்தது

தென்காசியில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சி இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் லேத் பட்டறை வைத்திருந்தவர். இப்போது பட்டறை இல்லை. சாயங்காலமானால் பெரிய கோயில் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுவார். ஜூன் மாதம், குற்றாலத்தில் சீசன் தொடங்கி, கோபுர வாசலில் காற்று வேட்டியைப் பிடுங்குகிற நேரம். பேச்சு எப்படியோ வாஞ்சிநாதனுக்கு வந்தது. அந்த மாதம் எங்கள் ஊரில் பேச்சு அங்கே வராமல் இருக்காது.

"வாஞ்சி வச்சிருந்தது அமெரிக்கத் துப்பாக்கிடே" என்றார்.

"பெல்ஜியம்னுதான அண்ணாச்சி எல்லாப் புஸ்தகத்துலயும் போட்டிருக்கு?"

"செஞ்சது பெல்ஜியத்துல இருக்கும். பிரௌனிங் எந்த ஊர்க்காரன்? மொதல்ல அதச் சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. சும்மா தலையாட்டிவிட்டு வந்தேன். பிறகு பல மாதம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டேன் என்றால், அந்தக் கொலையில் மற்ற எல்லாவற்றையும் பற்றி ஏற்கெனவே சண்டை போட்டு முடித்துவிட்டோம். ஒரு பக்கம் செங்கோட்டையில் சிலையும் மணிமண்டபமும். 'வாஞ்சி மணியாச்சி' என்று பெயர் மாறிய ரயில் நிலையம். இன்னொரு பக்கம், ஆஷ் தலித்துகளுக்கு நல்லது செய்தவர், குற்றாலத்து அருவியில் எல்லோரும் குளிக்கலாம் என்றவர், அதனால்தான் சுட்டார்கள் என்று சொல்லப்படுகிற கதை. ஒவ்வொரு ஜூன் 17க்கும் ஃபேஸ்புக்கில் இரண்டு கட்சியும் மோதும். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இரண்டு காகிதக் கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தூத்துக்குடியில் வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியையும் சுதேசி இயக்கத்தையும் நசுக்கியதில் ஆஷின் பங்கு அரசு ஆவணங்களிலேயே இருக்கிறது. ஆ.இரா. வேங்கடாசலபதி அதையெல்லாம் தேடி எடுத்து எழுதியிருக்கிறார். அதேபோல வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தின் மொழி சனாதனத்தின் மொழி. ஐந்தாம் ஜார்ஜை அது எதிர்க்கிற காரணத்தைப் படித்தால் இன்றைக்குக் கூசும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க முடியாது.

இந்தச் சண்டையில் துப்பாக்கியை மட்டும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை என்று தோன்றியது. பழைய துப்பாக்கி சேகரிக்கிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். யார் செய்தது, எந்த ஊர்?

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1911 ஜூன் 17, காலை. திருநெல்வேலி கலெக்டர் பொறுப்பில் இருந்த ராபர்ட் வில்லியம் டெஸ்கோர்ட் ஆஷ், மனைவி மேரியோடு கொடைக்கானலுக்குப் புறப்படுகிறார். பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். மணியாச்சியில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்து, தூத்துக்குடியிலிருந்து வர வேண்டிய போட் மெயிலுக்குக் காத்திருக்கிறார்கள். எதிரெதிர் இருக்கை. குடுமி வைத்த இளைஞர் ஒருவர் பெட்டியில் ஏறிச் சுடுகிறார். குண்டு ஆஷின் மார்பில். சுட்டவர் பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து, வாயில் வைத்துத் தன்னையே சுட்டுக்கொள்கிறார். செங்கோட்டை ரகுபதி ஐயர் மகன் வாஞ்சி. வயது 25. புனலூரில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வனத்துறையில் வேலை. போலீஸ் எடுத்தபோது துப்பாக்கி காலியாக இருந்தது. அந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பதிவானது ஒரே வரிதான்: பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் ஆட்டோமேடிக் கைத்துப்பாக்கி.

பொருள் என் கையில் இல்லை. வரிதான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியிலேயே ஒரு ஊரும் ஒரு பேரும் வந்துவிட்டன, இரண்டும் வேறு வேறு கண்டம்.

எங்கள் பக்கத்தில் துப்பாக்கி என்றால் ரொம்ப காலம் மனசில் வந்தது வேறு சாமான். தோப்பில் பன்றி விரட்ட வைத்திருக்கும் நீளமான நாட்டுத் துப்பாக்கி. குழாயின் வாய்வழியாக மருந்தைப் போட்டு, துணியையோ தேங்காய் நாரையோ அடைத்து, குண்டைத் தள்ளி, கம்பியால் இடித்து, பின்னாடி இருக்கிற காம்பில் ஒரு சின்னக் கேப்பைச் செருக வேண்டும். குதிரை வந்து கேப்பில் அடித்தால் உள்ளே இருக்கிற மருந்து பற்றும். கேப்பு என்பது செம்பில் செய்த குட்டித் தொப்பி, அதன் அடியில் அடிபட்டால் வெடிக்கிற ரசாயனப் பூச்சு. தீபாவளிப் பொட்டுவெடியின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார்தான் இந்த அடித்துப் பற்றவைக்கிற வழிக்கு 1807ல் காப்புரிமை வாங்கினார். வாத்து சுடும்போது பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியில் பொறி பறப்பதைப் பார்த்தே பறவை தப்பிவிடுகிறது என்ற எரிச்சலில் கண்டுபிடித்தாராம். பாதிரியாருக்கு வந்த கவலையைப் பாருங்கள்.

அடுத்த ஐம்பது வருஷம் உலகம் முழுக்க இந்தக் கேப்புத் துப்பாக்கிகள்தான். அமெரிக்காவில் ஊருக்கு ஒரு கொல்லர் இதைச் செய்தார். அந்தப் பழைய அமெரிக்க ரைபிள் ஒன்று இன்று யார் வீட்டுப் பரணிலாவது கிடைத்தால், விசைத் தகட்டில் ஒரு பெயர் பொறித்திருக்கும். பார்த்தவுடன், ஆஹா இவர்தான் செய்தவர் என்று நினைப்போம். பெரும்பாலும் தப்பு. அந்த விசைப் பகுதியைக் கொல்லர் கடையில் வாங்கியிருப்பார். கோல்ச்சர் என்று பெயர் போட்ட விசைகள் எத்தனையோ பேர் செய்த ரைபிள்களில் இருக்கின்றன. நிறைய விசைகள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து கப்பலில் வந்தவை. செய்தவர் பெயரைத் தேட வேண்டிய இடம் குழாயின் மேல்பக்கம். அங்கேயும் இல்லையென்றால் கட்டையின் வளைவு, பித்தளை வேலை, திருகாணி இவற்றை வைத்து எந்த மாகாணம் என்று ஊகிக்க வேண்டியதுதான். ஒரு துப்பாக்கியில் மூன்று ஊர் இருக்கும். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, "இதுல என்ன அதிசயம், என் லேத்துல ஸ்பிண்டில் ஒரு ஊரு, மோட்டார் ஒரு ஊரு, போர்டுல மட்டும் எம்பேரு" என்றார்.

அப்படிக் கேப்பு ரைபிள் செய்த அமெரிக்கக் கொல்லர்களில் ஒருவர் ஜோனதன் பிரௌனிங். 1805ல் பிறந்தவர். இல்லினாய் மாகாணத்தில் பட்டறை போட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் மருந்து இடிக்கிற வேலையைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். ஐந்து அறைகள் கொண்ட இரும்புக் கட்டை ஒன்று, ஒவ்வொரு அறைக்கும் தனிக் கேப்பு. ஒன்று சுட்டதும் கட்டையைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினால் அடுத்தது. பார்க்க மவுத் ஆர்கன் மாதிரி இருப்பதால் அதற்கு ஹார்மோனிகா ரைபிள் என்றே பேர். மார்மன் மதத்தில் சேர்ந்து, அந்தக் கூட்டத்தோடு மேற்கே நகர்ந்து, 1852ல் யூட்டாவுக்குப் போய், ஆக்டன் என்ற ஊரில் தங்கினார். மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள். அதில் 1855ல் பிறந்த ஜான் மோசஸ், அப்பாவின் பட்டறையில் கிடந்த ஓட்டை உடைசலில் இருந்தே சின்ன வயதில் துப்பாக்கி செய்தவன்.

அப்பாவின் பிரச்சினைதான் மகனின் பிரச்சினையும். ஒன்று சுட்டபிறகு அடுத்தது எப்படி வரும்? அப்பா கையால் தள்ளினார். மகன், சுடும்போது பின்னுக்கு உதைக்கிற விசையையே அந்த வேலைக்கு வைத்தார். குண்டு முன்னால் போகும் வேகத்திலேயே மேல்பகுதி பின்னால் வந்து, காலிக் கூட்டைத் துப்பிவிட்டு, திரும்பும்போது அடுத்த தோட்டாவைக் கவ்விக்கொண்டு வந்துவிடும். மேலே வரும்போது குதிரை தானாக மடங்கியிருக்கும். விரலை மட்டும் அழுத்தினால் போதும். 'ஆட்டோமேடிக்' என்று 1911ல் எழுதியது இதைத்தான். சினிமாவில் வருகிற சடசடவெனப் பொழிகிற துப்பாக்கி என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆக, அண்ணாச்சி பாதி ஜெயித்துவிட்டார். பிரௌனிங் அமெரிக்காக்காரர்தான்.

பெல்ஜியம் எப்படி வந்தது? லியேஜ் என்ற நகரத்தைச் சுற்றி நூற்றாண்டுகளாகத் துப்பாக்கி வேலை. ஒரு கிராமம் குழாய் அடிக்கும், ஒரு வீடு விசை ராவும், ஒரு வீடு கட்டை செதுக்கும். நம் ஊரில் நெசவு நடக்கிற மாதிரி. கேப்புத் துப்பாக்கிக் காலத்தில் உலகம் முழுக்க மலிவு விலைத் துப்பாக்கி அங்கிருந்துதான் போனது. பிறகு பெல்ஜிய அரசு தன் ராணுவத்துக்கு ஒன்றரை லட்சம் மாசர் ரைபிள் கேட்டபோது, இந்த வீட்டு வேலை சரிப்படாது என்று லியேஜ் முதலாளிகள் கூடி 1889ல் பக்கத்து ஹெர்ஸ்டாலில் ஒரு பெரிய தொழிற்சாலை தொடங்கினார்கள். ஃபாப்ரிக் நேஷனால், சுருக்கமாக எஃப்.என். இயந்திரங்கள் பெர்லினிலிருந்து வந்தன. சில வருஷத்தில் பங்குகளில் பெரும்பகுதியும் ஜெர்மன் கைக்குப் போனது. ராணுவ ஆர்டர் முடிந்ததும் ஆலைக்கு வேலையில்லை. சைக்கிள் செய்து பார்த்தார்கள். சைக்கிள் தொழில்நுட்பம் பார்க்க ஹார்ட் பெர்க் என்ற தங்கள் அதிகாரியை 1897ல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே பிரௌனிங்கைச் சந்தித்து, சைக்கிளுக்குப் பதில் கைத்துப்பாக்கி வரைபடத்தோடு திரும்பினார். (இதே பெர்க்தான் பின்னால் ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு ஐரோப்பாவில் ஏஜெண்டாக இருந்தார். ஆளைப் பார்த்துப் பிடிக்கத் தெரிந்த மனிதர்.)

அதிலிருந்து வந்ததுதான் 1900 மாடல். 7.65 மில்லிமீட்டர் தோட்டா, ஏழு போடலாம். நீளம் ஒரு சாண்கூட இல்லை, எடை ஒரு கிலோவில் முக்கால் பங்குக்கும் குறைவு. பத்துப் பதினொரு வருஷத்தில் சுமார் ஏழு லட்சம் செய்தார்கள். பின்னாடியே இன்னும் சின்னதாக, கோட்டுப் பைக்குள் அடங்குகிற 1906 மாடல். தபாலில்கூட விற்ற பொருள் இது. பிரெஞ்சு மொழியில் 'பிரௌனிங்' என்றாலே கைத்துப்பாக்கி என்று ஆகிவிட்டது, நாம் நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்கிற மாதிரி. நாட்டுத் துப்பாக்கியை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு முதல் வகுப்புப் பெட்டியில் ஏற முடியாது. மணியாச்சியில் நடந்தது நடப்பதற்கு, ஆக்டன் பட்டறையில் நடந்தது முதலில் நடந்திருக்க வேண்டும்.

அந்தத் துப்பாக்கிகளின் இடப்பக்கத்தில் பிரெஞ்சில் பொறித்திருப்பார்கள். மேல் வரியில் ஃபாப்ரிக் நேஷனால் ஹெர்ஸ்டால் லியேஜ். கீழே ஆங்கிலத்தில் பிரௌனிங் பேடண்ட். லியேஜ் சோதனைச் சாலையில் கூடுதல் மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, வெடித்துச் சிதறாமல் தேறியதற்கு அடையாளமாக முட்டை வடிவத்துக்குள் மூன்று எழுத்தும் கிரீடமும் கொண்ட சின்ன முத்திரை. பிறகு ஒரு எண். "பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்" என்று எழுதியவர் இந்த எழுத்துகளைத்தான் பார்த்து எழுதியிருக்க வேண்டும். வடிவம் கொடுத்தவன் பெயரும் ஆலையின் ஊரும் ஒரே இரும்பில். அண்ணாச்சியும் புத்தகங்களும் ஆளுக்கு ஒரு வரியைப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் காலத்துப் போலீஸுக்கு வேண்டியது எண்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஆலைப் பேர் இன்னொரு கலெக்டர் கொலையில் வந்திருந்தது. 1909 டிசம்பர் 21, நாசிக். நாடகக் கொட்டகையில் கலெக்டர் ஜாக்சனை அனந்த் கான்ஹேரே சுட்டுக் கொன்றார். அது பிரௌனிங். அந்த வருஷத் தொடக்கத்தில் லண்டன் இந்தியா ஹவுஸில் சமையல் வேலை பார்த்த சதுர்புஜ் அமீன் என்பவர், பெட்டியின் அடியில் இரட்டைத் தட்டு வைத்து அதற்குள் 20 பிரௌனிங் துப்பாக்கிகளைப் பம்பாய்க்குக் கொண்டுவந்திருக்கிறார். சாவர்க்கர் ஏற்பாடு. அமீன் பின்னால் அப்ரூவர் ஆனார். துப்பாக்கி வந்த வழியே சாவர்க்கருக்கு எதிரான வழக்கின் முதுகெலும்பானது. 1914ல் சராயேவோவில் இளவரசர் ஃபெர்டினாண்டைச் சுட்டதும் எஃப்.என். ஆலையின் பிரௌனிங்தான், 1910 மாடல், எண் 19074. அந்த எண் விசாரணைப் பதிவில் இருந்ததால்தான் தொண்ணூறு வருஷம் கழித்து ஆஸ்திரியாவில் ஒரு மடத்தில் இருந்த துப்பாக்கியை இதுதான் அது என்று சொல்ல முடிந்தது. இன்று வியன்னா ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செய்தவர் பெயர் ஏழு லட்சம் துப்பாக்கிக்கும் ஒன்று. கொலைக்கு இழுத்துக்கொண்டு போவது எண்தான்.

வாஞ்சியின் துப்பாக்கி வந்த வழிக்குப் போலீஸ் போட்ட கோடு புதுச்சேரிக்குப் போனது. வரகனேரி வ.வே.சு. ஐயர் லண்டனில் சட்டம் படித்தவர், இந்தியா ஹவுஸில் சாவர்க்கரின் நெருங்கிய தோழர். பாரிஸ் வழியாகத் தப்பி 1910ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1911 தொடக்கத்தில் வாஞ்சி புனலூரில் மூன்று மாதம் லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் போனதையும், அங்கே ஐயரிடம் சுடக் கற்றுக்கொண்டதையும் 1918ல் வந்த ரௌலட் கமிட்டி அறிக்கை சொல்கிறது. இளைஞர்களை ரகசியமாகச் சேர்த்தது நீலகண்ட பிரம்மச்சாரி. அதற்கான கூட்டங்களில் ஒன்று நடந்தது தென்காசியில். கொலைக்குப் பிறகு 14 பேர் மேல் வழக்கு. நீலகண்டருக்கு ஏழு வருஷம், வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு வருஷம்.

இங்கே நம் நிலத்தின் வரைபடத்தைக் கொஞ்சம் பழைய கண்ணால் பார்க்க வேண்டும். செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956ல்தான் நம் பக்கம் வந்தது. தென்காசி பிரிட்டிஷ் திருநெல்வேலி. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுடையது. செங்கோட்டையிலிருந்து தென்காசி இன்று டவுன் பஸ் தூரம். அன்று அது ஒரு அரசாங்கத்திலிருந்து இன்னொரு அரசாங்கத்துக்குப் போகிற தூரம். 1904ல் கொல்லம் வரை முழுசாகத் திறந்த மீட்டர் கேஜ் பாதையில்தான் இந்த எல்லையை ஆட்கள் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு துப்பாக்கிக்கு இது ரொம்ப வசதியான ஊர்.

ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதற்கும் இந்த மண்ணிலேயே காரணம் இருக்கிறது. இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிற நெற்கட்டும்செவல் புலித்தேவரின் ஊர். பாளையங்கள் ஆயுதம் வைத்து கம்பெனியோடு அரை நூற்றாண்டு சண்டை போட்ட நிலம். 1801ல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபிறகு, அதே வருஷம் டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு அறிவிப்பு விட்டார். கோட்டைகளை இடிக்க வேண்டும், துப்பாக்கி, ஈட்டி யாரும் வைத்திருக்கக் கூடாது. 1878ல் ஆயுதச் சட்டம் வந்தபோது இந்தியர்களுக்கு லைசன்ஸ் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. கணக்குப் போட்டால் 1801லிருந்து 1911க்கு 110 வருஷம், நாலு தலைமுறை. புலித்தேவர் ஊருக்குப் பக்கத்தில் பிறந்த ஒருவர் சுடக் கற்றுக்கொள்ள பிரெஞ்சு எல்லைக்குள் போக வேண்டியிருந்தது.

எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. ஆஷ் மேல் கோபம் வந்ததே சுதேசிக் கப்பலால். 1906ல் வ.உ.சி. தொடங்கிய கம்பெனி. வெள்ளைக்காரன் துணி வேண்டாம், சர்க்கரை வேண்டாம், கப்பல் வேண்டாம். அந்தக் கோபம் கடைசியில் போய்ச் சேர்ந்த கையில் இருந்தது அமெரிக்க மூளை, பெல்ஜியத் தொழிலாளி, ஜெர்மன் முதலீடு. அண்ணாச்சி இதைக் கேட்டுச் சிரித்தார். "சுதேசித் துப்பாக்கி எங்கடே விட்டான், அதான் நீயே சொன்னியே, 1801ல பிடுங்கிட்டான்னு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜான் பிரௌனிங் 1926 நவம்பரில் இறந்தார். யூட்டாவில் இல்லை, லியேஜில், எஃப்.என். ஆலையில் மகனின் அலுவலக அறையில், அடுத்த துப்பாக்கியின் வேலைக்கு வந்த இடத்தில், மாரடைப்பு. மணியாச்சி என்ற ஊரின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் முழுக்க அண்ணாச்சிக்குச் சொல்லி முடித்தேன். விசைத் தகடு, ஹார்மோனிகா ரைபிள், சைக்கிள் பார்க்கப் போன பெர்க், முட்டைக்குள் முத்திரை எல்லாம். பொறுமையாகக் கேட்டார். சாரல் விழ ஆரம்பித்ததும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எல்லாஞ் சரி. துப்பாக்கி காலியா இருந்துச்சுன்னியே, அந்தத் தோட்டா யாரு செஞ்சது?"